பன்னிரண்டு பள்ளி, ஒரு குலுக்கல்

வாஷிங்டன் நகரில் ஸ்டேடியம்–ஆர்மரி மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால், வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. டிசம்பர் மாதச் சனிக்கிழமை காலை, காது மடலைக் கடிக்கும் குளிர். தள்ளுவண்டியில் குழந்தை, தோளில் பெரிய பை, கையில் காபி என்று கூட்டம் ஒரே கட்டடத்தை நோக்கி நடந்தது. டி.சி. தேசியக் காவல் படையின் தலைமையிடமான ஆர்மரி அது. உள்ளே பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக மேஜை போட்டு, நகரத்தின் அரசுப் பள்ளிகளும் சார்ட்டர் பள்ளிகளும் கடை விரித்திருந்தன. ‘எட்ஃபெஸ்ட்’ என்று பெயர். சேர்க்கைக் காலம் இங்கேதான் சூடுபிடிக்கிறது.

என் தங்கையின் மகளுக்கு அடுத்த செப்டம்பர் 30க்குள் மூன்று வயது நிறைய இருந்தது. இந்த ஊரில் மூன்று வயதுக்கே அரசுச் செலவில் பள்ளி உண்டு. 2008இல் நகர மன்றம் கொண்டுவந்த சட்டம், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கான பாலர் வகுப்பை நகரம் முழுக்க விரிவாக்கியது. பி.கே.3, பி.கே.4 என்று அந்த இரண்டு வகுப்புகளையும் சொல்கிறார்கள். தனியார் காப்பகத்தில் விட்டால் ஆண்டுக்கு இருபதாயிரம் டாலர் சாதாரணமாக ஆகும் ஊரில் இது எத்தனை பெரிய உதவி என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் ஐந்து வயதில் தொடங்கும் கிண்டர்கார்ட்டன் முதல்தான் வீட்டு எல்லைக்குரிய அரசுப் பள்ளியில் இடம் உறுதி. அதற்கு முந்தைய இரண்டு வகுப்புகளுக்கு, ஒரு சில பள்ளிகளைத் தவிர, பக்கத்துத் தெருப் பள்ளியானாலும் குலுக்கல்தான்.

நான் இருப்பது எல்லை தாண்டி மேரிலாந்தில். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் பள்ளிக்கூடத்தை வீட்டோடு சேர்த்தே வாங்கிவிடுகிறோம். நல்ல பள்ளியின் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு விலை கூடுதல்; முப்பது வருஷக் கடனைக் கட்டிக்கொண்டே பிள்ளையை மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். தங்கையும் அவள் கணவரும் நகரத்தை விட்டு வர மாட்டோம் என்று பெட்வொர்த் பகுதியில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு எக்ஸெல் ஷீட். பள்ளியின் பெயர், வீட்டிலிருந்து தூரம், பஸ் எண், போன வருஷம் திறந்த இடங்கள், வெயிட்லிஸ்ட் எத்தனை பேர் வரை நகர்ந்தது என்று பத்தி பத்தியாகப் போட்டு அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தாள் தங்கை.

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. பணம் அரசுடையது, நடத்துவது அரசு அல்ல. தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கிறது. ஓர் அறக்கட்டளையோ அமைப்போ ஒப்பந்தத்தின் பேரில் பள்ளியை நடத்துகிறது. கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கக் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கிப் போட்டே எடுக்க வேண்டும். மினசோட்டா மாநிலம் 1991இல் முதல் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. வாஷிங்டனுக்கு நாடாளுமன்றமே 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இதைக் கொண்டுவந்தது. இன்று இந்த நகரத்தின் பொதுப்பள்ளி மாணவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சார்ட்டர் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மொழிபெயர்ப்பாளர் மேஜை. ஸ்பானிஷுக்கு அடுத்தபடி அம்ஹாரிக். எத்தியோப்பியர்கள் நிறைந்த ஊர் இது. டாக்ஸியில் ஏறினால் பாதி நேரம் அடிஸ் அபாபாவைப் பற்றிப் பேச்சு வரும். அதைத் தாண்டினால் பள்ளிகள். ஒரு மேஜையில் மான்டிசோரி மணிகள், இன்னொன்றில் குழந்தைகள் வளர்த்த கீரைத் தொட்டி, அடுத்ததில் சீன எழுத்தைத் தூரிகையால் எழுதிக் காட்டும் சிறுமி. ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் பள்ளி முதல்வர் நின்று சிரித்தபடியே கை குலுக்குகிறார். கட்டணப் பள்ளி வாசலில் பெற்றோர் முதல்வர் முன் கைகட்டி நிற்பதைப் பார்த்தே பழகிய எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. தலைக்கு இவ்வளவு பணம் என்பதால் பள்ளிக்கும் பிள்ளை வேண்டும்.

ஆனால் கூட்டம் எல்லா மேஜையிலும் சமமாக இல்லை. மொழிவழிப் பள்ளிகளின் முன்னால் நெரிசல். காரணத்தைத் தங்கை சொன்னாள். சீனம் சொல்லித் தரும் வாஷிங்டன் யூ யிங், ஸ்பானிஷ் சொல்லித் தரும் முண்டோ வெர்டே என ஐந்து தொடக்கப் பள்ளிகள் சேர்ந்து 2014இல் டி.சி. இன்டர்நேஷனல் என்ற மேல்நிலைப் பள்ளியைத் தொடங்கின. அந்த ஐந்தில் ஒன்றில் படித்து வரும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் அங்கே முன்னுரிமை உண்டு. அதாவது மூன்று வயதில் ஒரு எண் நன்றாக விழுந்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலை இல்லை. “ஒரே தடவைல முடிஞ்சிடும் அக்கா” என்றாள். வீட்டில் பேசுவது தமிழ், வெளியில் ஆங்கிலம், பள்ளியில் சீனமா என்று கேட்டேன். முறைத்தாள்.

விதி இதுதான். ஒரு குழந்தைக்கு ஒரு விண்ணப்பம். அதில் பன்னிரண்டு பள்ளிகள் வரை விருப்ப வரிசையில் போடலாம். ஒன்பதாம் வகுப்பு முதல் மேலே உள்ளவர்களுக்குப் பிப்ரவரித் தொடக்கம், மற்றவர்களுக்கு மார்ச் தொடக்கம் கடைசி நாள். முதல் நாளில் போட்டாலும் கடைசி மணியில் போட்டாலும் ஒன்றுதான். முந்தியவருக்குச் சலுகை இல்லை. ‘மை ஸ்கூல் டி.சி.’ என்ற இந்தப் பொதுக் குலுக்கல் 2014–15 கல்வியாண்டுக்கான சேர்க்கையில் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒவ்வொரு சார்ட்டர் பள்ளிக்கும் தனி விண்ணப்பம், தனித் தேதி, தனிக் குலுக்கல். விவரம் தெரிந்தவர்கள் நாலைந்து பள்ளியில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, பள்ளி திறந்த பிறகு ஒன்றைத் தவிர மற்றதை விட்டுவிடுவார்கள். செப்டம்பர் முழுக்கப் பிள்ளைகள் பள்ளி மாறிக்கொண்டே இருப்பார்கள். சில ஊர்களில் அரங்கத்தில் பெற்றோரை உட்கார வைத்து, கூண்டுக்குள் பந்துகளை உருட்டி எண் எடுத்ததும் உண்டு. ‘வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன்’, ‘தி லாட்டரி’ என்று 2010இல் வந்த இரண்டு ஆவணப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாய்மார்களின் முகம் மறக்காது. இப்போது அழுகை எல்லாம் அவரவர் வீட்டு மின்னஞ்சலுக்கு முன்னால்.

உதவி மேஜையில் தங்கை ஒரு வழக்கே நடத்தினாள். அவளுக்கு உண்மையில் பிடித்தது சீனப் பள்ளி. ஆனால் அங்கே கூட்டம் அதிகம். மூன்றாவதாகப் பிடித்த பள்ளியில் வெயிட்லிஸ்ட் குட்டையாக இருக்கிறது. அதை முதலிடத்தில் போட்டால் கிடைக்கும் வாய்ப்பு கூடுமா? மேஜைக்குப் பின்னால் இருந்த நடுவயதுப் பெண் ஒரு தாளை எடுத்து மூன்று பெட்டி வரைந்தார். இதே தாளை அன்று காலையிலிருந்து எத்தனை பேருக்கு வரைந்தாரோ, கை பழகியிருந்தது.

கணினி முதலில் குழந்தைக்கு ஒரு எண் போடுகிறது. பிறகு ஒவ்வொரு குழந்தையையும் அதன் முதல் விருப்பப் பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இடத்துக்கு மேல் ஆள் நின்றால், முன்னுரிமை உள்ளவர்களை முதலிலும், மற்றவர்களை எண் வரிசையிலும் பள்ளி உள்ளே எடுத்துக்கொள்கிறது. மிஞ்சியவர்கள் தங்கள் அடுத்த விருப்பப் பள்ளிக்குப் போகிறார்கள். உள்ளே போனவருக்கும் இடம் இன்னும் உறுதி இல்லை. வேறொரு வாசலில் தள்ளப்பட்டு வருகிற குழந்தைக்கு அங்கே முன்னுரிமை கூடுதலாகவோ எண் முந்தியதாகவோ இருந்தால், உட்கார்ந்திருப்பவர் எழுந்து தன் அடுத்த விருப்பத்துக்கு நகர வேண்டியதுதான். இந்தத் தள்ளுமுள்ளு முழுக்க ஓய்ந்த பிறகுதான் எல்லோருடைய இடமும் ஒரே நேரத்தில் உறுதியாகிறது. ஆகவே முதல் விருப்பத்தில் கிடைக்காமல் போனவருக்கு, இரண்டாவது பள்ளியில் தாமதமாக வந்த குற்றத்துக்கு ஒரு தண்டனையும் இல்லை. உள்ளபடி எழுதுவதே லாபம். சாமர்த்தியத்துக்கு இங்கே வேலை இல்லை.

1962இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இருவர் கணித இதழ் ஒன்றில் எழுதிய சிறிய கட்டுரையில் பிறந்த முறை இது. ஆல்வின் ராத் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மருத்துவர்களுக்கான பயிற்சியிடம், நகரப் பள்ளிகளின் சேர்க்கை என்று பல இடங்களில் அவர் கை இருக்கிறது. ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தபோது கேல் உயிரோடு இல்லை. வாஷிங்டனின் குலுக்கலை வடிவமைத்ததிலும் ராத்தின் குழுவுக்குப் பங்கு உண்டு.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வரிசையிலிருந்து நகர்ந்த பிறகு தங்கை சொன்னாள்: “அதெல்லாம் அவங்க சொல்வாங்க அக்கா.” பக்கத்தில் நின்ற இரண்டு பெற்றோரும் இதையே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏமாற்ற முடியாத முறையை உண்டாக்கிவிட்டார்கள். ஏமாற்ற முடியாது என்று மட்டும் யாரையும் நம்ப வைக்க முடியவில்லை.

நம் வாசகர்கள் இந்நேரம் கேட்டிருப்பார்கள்: சிபாரிசு செல்லுமா? செல்லாது என்பதற்கு இந்த ஊர் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2017இல் நகரத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் விசாரித்ததில், பள்ளித் துறைத் தலைவராக இருந்த காயா ஹெண்டர்சன் செல்வாக்குள்ள சில பெற்றோருக்குக் குலுக்கலைத் தாண்டி இடம் கொடுத்தது வெளிவந்தது. அவருக்குப் பின் வந்த ஆன்ட்வான் வில்சன், அதிகாரிகள் இப்படிச் சலுகை பெறக் கூடாது என்று தாமே விதி போட்டார். சில மாதங்களில் அவருடைய மகள், நூற்றுக்கணக்கானவர்கள் வெயிட்லிஸ்ட்டில் காத்திருந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வரிசையில் நிற்காமலே மாற்றப்பட்டாள். செய்தி வெளியானதும் 2018 பிப்ரவரியில் துணை மேயர் ஜெனிஃபர் நைல்ஸ் பதவி விலகினார். சில நாட்களில் வில்சனும் போனார். ஒரு பள்ளி இடத்துக்காக இரண்டு பெரிய பதவிகள் காலியானதைப் படித்தபோது, இந்த நகரத்தார் எதைப் புனிதமாக வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

ஜனவரியில் ஒரு பள்ளியைச் சுற்றிப் பார்க்கத் தங்கையோடு போனேன். இடவசதிக்குச் சார்ட்டர் பள்ளிகள் படும் பாடு தனி. பழைய அரசுப் பள்ளிக் கட்டடம், தேவாலயத்தின் கீழ்த்தளம், கிடங்கு என்று கிடைத்த இடத்தில் தொடங்கியவை பல. இது பழைய அரசுப் பள்ளி. மாடிப்படியின் நடுவே தேய்ந்து குழிந்திருந்தது. கைப்பிடிக்குக் கீழே, மூன்று வயதுக் கைக்கு எட்டும்படி, இரண்டாவது கைப்பிடி புதிதாக அடித்திருந்தார்கள். பி.கே.3 அறையில் ஒவ்வொரு குழந்தையின் மாடத்திலும் பெயருக்கு மேலே குடும்பப் படம். பதினைந்து பதினாறு குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள். ஒரு பையன் தட்டில் இருந்த ஆரஞ்சுச் சுளைகளை எல்லோருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு போனான். தனக்கு மிஞ்சாது என்று பாதியிலேயே கண்டுகொண்டு இரண்டைச் சட்டைக்குள் வைத்தான். ஆசிரியை பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார். அந்தக் கணத்தில் எனக்குப் பள்ளி பிடித்துவிட்டது.

சுற்றிக் காட்டியவரிடம் பெற்றோர் கேட்ட கேள்விகளில் பாடத்திட்டம் பற்றியது ஒன்றோ இரண்டோ. மற்றதெல்லாம் கணக்கு. “போன வருஷம் இந்த வகுப்பில் அண்ணன் அக்கா இல்லாமல் சேர்ந்த குழந்தைகள் எத்தனை பேர்?” என்று ஓர் அப்பா கேட்டார். அறையே நிசப்தமாகிக் காத்திருந்தது. சுற்றிக் காட்டியவர் மழுப்பாமல் சொன்னார்: பெரும்பாலான இடம் தம்பி தங்கைகளுக்கே போய்விடுகிறது. ஏற்கெனவே ஒரு பிள்ளை படித்தால் அடுத்ததற்கு முன்னுரிமை. பள்ளி ஊழியரின் பிள்ளைகளுக்கும் ஓரளவு உண்டு. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு திசையில் போக வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் அறிவிக்கிற இடத்தின் எண்ணிக்கை ஒன்று, தலைச்சன் பிள்ளைக்குத் திறக்கிற இடம் வேறு. தங்கையின் எக்ஸெல் ஷீட்டில் அன்றிரவே ஒரு பத்தி கூடியது.

ஏழைக் குழந்தைகளுக்கும் இப்போது ஓர் ஏற்பாடு உண்டு. வீடின்றி இருப்பவர்கள், வளர்ப்புப் பெற்றோரிடம் இருப்பவர்கள், அரசின் உணவு உதவி பெறும் குடும்பத்தார் ஆகியோருக்கு, இசைந்த பள்ளிகள் சில இடங்களைத் தனியே வைக்கின்றன. நல்ல காரியம். ஆனால் இடம் கிடைப்பது வேறு, போய்ச் சேர்வது வேறு. எட்ஃபெஸ்டில் ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். அனகாஸ்டியா ஆற்றுக்குக் கிழக்கே, எட்டாவது வார்டில் வீடு; பேரனை அவர்தான் வளர்க்கிறார். நகரத்தின் வறுமை அதிகமும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில்தான். பிடித்த பள்ளி எல்லாம் இந்தப் பக்கம். “ஒரு பஸ், ஒரு ரயில், இன்னொரு பஸ். போகும்போது அவனோடு, திரும்பும்போது தனியாக. மதியம் மறுபடியும்” என்று விரல் விட்டு எண்ணினார். வாஷிங்டனில் பொது மாணவர்களுக்கு மஞ்சள் பஸ் கிடையாது. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கு மட்டும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மெட்ரோவும் பஸ்ஸும் இலவசம்தான். மூன்று வயதுப் பிள்ளையைத் தனியே ஏற்றிவிட முடியுமா? அந்தப் பாட்டி தன் பன்னிரண்டு கோட்டில் மூன்றை மட்டும் நிரப்பியிருந்தார். தங்கை பன்னிரண்டையும் நிரப்பினாள். குலுக்கலில் இரண்டு பேருக்கும் ஒரே நியாயம் என்பது சரி. குலுக்கலுக்குள் வரும்போதே ஒருவர் கையில் மூன்று, இன்னொருவர் கையில் பன்னிரண்டு. எனக்கு இந்த முறையோடு உள்ள சண்டை எல்லாம் இந்த இடத்தில்தான். எண் போடும் இயந்திரத்தில் கள்ளம் இல்லை. கள்ளம் பஸ் ரூட்டில் இருக்கிறது.

இந்தக் குலுக்கல்களால் பெரிதும் பயனடைந்தவர்கள் பொருளாதார ஆய்வாளர்கள். இடம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே ஆசையோடு விண்ணப்பித்தவர்கள், பிரித்தது எண் மட்டுமே என்பதால், பள்ளியின் பலனை அளக்க இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைக்காது. பின்னாளில் 2021இல் நோபல் பெற்ற ஜோஷுவா ஆங்க்ரிஸ்ட், பராக் பாதக் முதலானோர் பாஸ்டன் நகரத்தில் இப்படி ஆராய்ந்து, அங்குள்ள சார்ட்டர் பள்ளிகளில் படித்தவர்களின் கணித மதிப்பெண் கணிசமாக உயர்ந்ததைக் காட்டினார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: கூட்டம் அலைமோதாத பள்ளியில் குலுக்கலே இல்லை. ஆகவே இந்த ஆய்வுகள் பேசுவது கூட்டம் உள்ள பள்ளிகளைப் பற்றி மட்டுமே.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. தங்கை வீட்டில் அன்று நானும் இருந்தேன். கிடைத்தது ஏழாவது விருப்பம், வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கும் அரசுப் பள்ளி. அதற்கு மேலே எழுதிய ஆறு பள்ளிகளிலும் வெயிட்லிஸ்ட். கீழே எழுதிய ஐந்திலிருந்தும் பெயர் தானாக நீங்கிவிடும். சீனப் பள்ளியில் 112. இரண்டாவதாக எழுதிய ஸ்பானிஷ் பள்ளியில் 19. அவள் கணவர் 19ஐப் பார்த்து “பக்கத்துலதானே இருக்கு” என்றார். போன வருஷம் அந்தப் பள்ளியில் எத்தனை வரை நகர்ந்தது என்பது தங்கைக்கு மனப்பாடம். பதில் சொல்லாமல் டீ போடப் போனாள்.

மே மாதத் தொடக்கத்துக்குள் கிடைத்த இடத்தில் பெயரைப் பதிய வேண்டும்; பதிந்தாலும் வெயிட்லிஸ்ட் இடங்கள் அப்படியே இருக்கும். பதிவுக்குப் பெரிய சடங்கு, நகரத்தில் குடியிருக்கிறோம் என்று நிரூபிப்பது. சம்பளச் சீட்டில் டி.சி. வரி பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது என்று இரண்டு சான்று. பக்கத்து மாநிலங்களில் இருந்துகொண்டு இங்கே இலவசமாகப் படிக்க வைத்தவர்கள் மீது நகரம் வழக்குப் போட்டுப் பல ஆண்டுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்டது உண்டு. அதனால் என் மேரிலாந்து நம்பர் பிளேட் காரைப் பள்ளி வாசலில் நிறுத்த வேண்டாம் என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து போனேன். அலுவலக அறையில் எங்களுக்கு முன்னால் ஓர் அம்மா, கணவர் பெயரில் மட்டும் இருந்த வாடகை ஒப்பந்தத்தோடு மன்றாடிக்கொண்டிருந்தார். அலுவலர் பொறுமையாக ஒரு படிவத்தை எடுத்து, எங்கெங்கே கையெழுத்து என்று மஞ்சள் ஒட்டுத் தாள் ஒட்டிக் கொடுத்தார்.

பிறகு கோடை முழுக்க வெயிட்லிஸ்ட். நம் ரயில் டிக்கெட்டின் டபிள்யூ.எல். எண் குறைந்துகொண்டே வரும். இது ஏறவும் செய்யும். ஜூனில் 19 இருபத்தொன்றானது. புதிதாக இரண்டு குழந்தைகளின் அண்ணனோ அக்காவோ அந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்டால், முன்னுரிமையோடு அவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். தங்கை தினமும் காலையில் பல் விளக்கும்போதே தளத்தைத் திறந்து பார்ப்பாள். ஜூலையில் 14. வெளியுறவுத் துறை, ராணுவம், உலக வங்கி என்று ஊர் மாறும் வேலைக்காரர்கள் நிறைந்த நகரம்; கோடையில் ஒரு குடும்பம் மூட்டை கட்டினால் ஓர் இடம் காலியாகும். அந்த இடத்துக்கு ஏறுகிறவர் தன் பழைய இடத்தைக் காலி செய்வார், அதற்கு இன்னொருவர். எங்கோ ஒரு தூதரக அதிகாரி நைரோபிக்கு மாற்றலாகிப் போனால் நாலைந்து வீட்டில் தொலைபேசி அடிக்கும்.

இதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அக்டோபர் 5ஆம் தேதி நகரம் தலை எண்ணுகிறது. அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் சார்ட்டர் பள்ளிக்குப் பணம். ஆகவே ஆகஸ்டு கடைசியில் வகுப்பு தொடங்கி, வராத பிள்ளைகளின் இடம் தெரிந்ததும், பள்ளிகள் பட்டியலை எடுத்துக்கொண்டு வேகவேகமாகக் கூப்பிடும். வசந்தத்தில் அசையாத எண்கள் செப்டம்பரில் ஓடும்.

தங்கைக்கு அழைப்பு செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் வந்தது. குழந்தை அதற்குள் நான்கு தெரு தள்ளி இருக்கும் பள்ளிக்குப் போய்ப் பழகி, காலையில் செருப்பைத் தானே மாட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். ஸ்பானிஷ் பள்ளியில் இடம் இருக்கிறது, இரண்டு நாளில் பதில் வேண்டும். அன்றிரவு வீடியோவில் கூப்பிட்டார்கள். கணவனும் மனைவியும் ஒரு சோபாவின் இரண்டு முனையில்.

“ஸ்பானிஷ் வேணும்னு நீதானே சொன்னே?” என்றார் அவர்.

“காலைல எட்டே காலுக்கு அங்க இருக்கணும். எனக்கு எட்டரைக்கு மீட்டிங். யார் கொண்டு விடறது?”

“நான் விடறேன்.”

“வாரத்துல ரெண்டு நாள் நீங்க ஊர்லயே இருக்கறதில்ல.”

அவர் என்னைப் பார்த்து, “அக்கா, நீங்க சொல்லுங்க” என்றார். நான் மாட்டிக்கொள்ளவில்லை. பஸ் நேரத்தைத் தேடினார். ஒரு மாற்றம், நாற்பது நிமிஷம். கார் என்றால் இருபத்தைந்து, பார்க்கிங் சேராமல். டிசம்பரில் அந்த எக்ஸெல் ஷீட்டில் தூரம் என்ற பத்தி இருந்தது. அந்தத் தூரத்தைத் தினம் இரண்டு முறை யார் கடப்பது என்ற பத்தி இல்லை. மறுநாள் மாலை வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டாள். பள்ளியிலிருந்து நன்றி என்று ஒரு வரி வந்தது. அந்த இடம் அடுத்த எண்ணுக்குப் போயிருக்கும்.

கணவர் மட்டும் விடுவதாக இல்லை. அடுத்த வருஷம் பி.கே.4 சேர்க்கைக்கு அதே பள்ளியைப் போடலாம் என்றார். அந்த வகுப்பில் எத்தனை இடம் திறப்பார்கள் என்று தங்கையைக் கேட்டார். “மூணு வயசுல சேர்ந்ததுங்க அப்படியே மேல போயிடும். யாராவது போனாத்தான் இடம். ரெண்டோ மூணோ. அதுலயும் தம்பி தங்கச்சி முதல்ல” என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டே கைபேசியை எடுத்து, விண்ணப்பம் திறக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டார்.